ஒச்சாயிக்கு ஒரு கோ

நாகமலை புதுக்கோட்டை
3.10.1984

அன்பு மகன் கருத்தக்கண்ணனுக்கு ஆத்தா அழகம்மாள் எழுதுவது. இங்கே நானும் உன் அய்யாவும் தங்கச்சி முத்துத்தாயும் மாடு கன்றோடு நன்றாக இருக்கிறோம், நீயும் ஜபல்பூர் முகாமில் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஒச்சாண்டம்மா துணை இருக்கட்டும். கால் பிசகு முழுக்கச் சரியாகிவிட்டதா, இன்னும் நொண்டுகிறாயா என்று மறைக்காமல் எழுது. அன்றைக்கு உன்னை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினானே அந்த மேலூர்ப் பக்கத்துப் பையன் வீரணன், அவனையும் நான் ரொம்பக் கேட்டதாகச் சொல். கால்வாயில் தண்ணீர் வந்துவிட்டது, மேற்கு வயலில் நடவு முடிந்து கிழக்கே பாதி நிற்கிறது. செவலை கிடாரிக் கன்று போட்டிருக்கிறது, நெற்றியில் வெள்ளைப் பொட்டு, பார்க்க அம்புட்டு அழகு. உன் அய்யா மோட்டார் ரூமில் வழுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார், மருந்து போடச் சொன்னால் வயல் மண்ணை எடுத்து அப்புகிறார், அவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் இந்தத் தாள் பத்தாது.

உன் கடிதம் திங்கட்கிழமை வந்தது. வழக்கமாக உன் கடிதம் வந்தால் முத்துத்தாய் அதைப் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் அவள் டீம் பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து வாசித்துக் காட்டுவாள், பட்டாளத்து அண்ணன் என்று அப்படி ஒரு பெருமை. இந்தக் கடிதத்தை மட்டும் நான் அவளிடம் கொடுக்கவில்லை. தபால்காரர் என் கையில் கொடுத்தது நல்லதாகப் போயிற்று. அதில் நீ எழுதியிருக்கிறாய், கீழத்தெருப் பிள்ளையிடம் கொண்டுபோய் என் தங்கச்சியைத் தலைகுனிய வைத்தாயா, அய்யா எப்படிச் சும்மா இருந்தார் என்று. படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது, அப்போதே உட்கார்ந்து எழுதியிருந்தால் நீ தாங்கியிருக்க மாட்டாய். இரண்டு நாள் ஆறப்போட்டுவிட்டு இப்போது நிதானமாக எழுதுகிறேன், நீயும் நிதானமாகப் படி. உன் தங்கச்சி உனக்கு எழுதியது பாதிக் கதை, மீதியை நான் சொல்கிறேன்.

அவள் பள்ளிக்கூடத்து கோ-கோ டீமில் கேப்டன் என்பது உனக்குத் தெரியும். எனக்கு அந்த விளையாட்டு தலையும் தெரியாது வாலும் தெரியாது. ஆவணி கடைசியில் நம் பள்ளிக்கூட மைதானத்திலேயே திருநகர்ப் பிள்ளைகளோடு மேட்ச் என்றாள், சரி ஒரு நாளாவது போய்ப் பார்ப்போம் என்று போனேன். பிள்ளைகள் வரிசையாக ஒருத்தி இந்தப் பக்கம் ஒருத்தி அந்தப் பக்கம் முகம் பார்த்துக் குந்தியிருக்கிறார்கள், ஒருத்தி மட்டும் எதிர் டீம் பிள்ளையைத் துரத்துகிறாள், துரத்துகிறவள் குந்தியிருக்கிறவள் முதுகில் தட்டி கோ என்று சொன்னால் அவள் எழுந்து ஓட வேண்டும், தட்டினவள் அந்த இடத்தில் குந்த வேண்டும், இம்புட்டுத்தான் விளையாட்டு. கொஞ்ச நேரத்தில் எனக்கே பிடிபட்டுவிட்டது. உன் தங்கச்சி ஓடுகிற ஓட்டத்தைப் பார்த்து ஆளாளுக்குக் கைதட்டினார்கள், பெத்த வயிறு குளிர்ந்துதான் போனது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் வரிசையில் நடுவில் ஒரு பிள்ளை குந்தின இடத்திலேயே குந்தியிருந்தாள். அவள் முதுகுப் பக்கம் எல்லோரும் ஓடுகிறார்கள், ஒருத்தியும் தட்டவில்லை, அவளைத் தாண்டிப்போய் அடுத்தவளைத் தட்டுகிறார்கள். நான் பக்கத்தில் நின்ற அம்மாவிடம், ஏம்மா அந்தப் பிள்ளை என்ன உப்புக்குச் சப்பாணியா என்று கேட்டேன். அந்தம்மா சிரித்துவிட்டு, இல்லைங்க, அதுவும் ஆட்டக்காரிதான், கேப்டன் சொல்லித்தான் யாரும் குடுக்கிறதில்லையாம் என்று சொன்னாள். கேப்டன் யாரு, என் மக.

அந்தப் பிள்ளை யாரென்று உற்றுப் பார்த்தால் நம் சோணையம்மாள் மகள் ஒச்சாயி. நம் வயலுக்கு நடவுக்கு வருகிற கீழத்தெருச் சோணையம்மாள்தான், உனக்குத் தெரியும். உன் அப்பத்தாவுக்கு வைத்த அதே சாமி பேர்தான் அந்தப் பிள்ளைக்கும். வேலிப் பக்கம் திரும்பினால் சோணையம்மாளும் நிற்கிறாள், அன்றைக்கு நடவுக்கு வரவில்லை என்று உன் அய்யா காலையில் கத்திக்கொண்டிருந்தார், அவள் வெளுத்த சேலை கட்டிக்கொண்டு மகள் விளையாடுவதைப் பார்க்க வந்திருக்கிறாள். பார்க்க வந்தவள் மகள் குந்தியிருப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் என்னவென்று எழுத. அப்புறம் நம் பிள்ளைகள் ஓடுகிற முறை வந்தது, எதிர் டீம் துரத்துகிறது, அப்போது பார்க்கணும் அந்த ஒச்சாயியை, கையில் சிக்காத விரால் மீன் மாதிரி வளைந்து நெளிந்து, கடைசி வரை ஒருத்தியாலும் தொட முடியவில்லை. மேட்ச் நாம்தான் ஜெயித்தோம். ஜெயித்துவிட்டதால் யாரும் எதுவும் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நான் கேட்டேன். அவள் எந்திரிக்க லேட் பண்றா ஆத்தா, அதான் என்றாள். அடியே, அந்தக் கால் லேட் பண்ற காலா, நானும் ரெண்டு கண்ணாலதானே பார்த்தேன் என்றேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டாள். மறுநாள் மாட்டுக்குத் தண்ணி காட்டும்போது தானாகவே வந்து அழுதாள். உன் மாமன் வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தோமே, அங்கே பந்தியில் உட்காரப் போனவளை உன் அத்தை எல்லோர் முன்னாலும் நிறுத்தி, கண்டவ முதுகைத் தொட்டு விளையாடுற பிள்ளை, போயி தலைக்கு ஊத்திட்டு வந்து இலையில உக்காரு என்று சொல்லியிருக்கிறாள். பந்தியே சிரித்திருக்கிறது. நான் அடுப்படியில் சாம்பார் வாளியோடு நின்றதால் என் காதில் விழவில்லை. அந்த வீட்டுக்கு நாளைக்கு மருமகளாகப் போகப்போகிறவள் என்று ஊரே பேசுகிறது, இவளும் மனசில் வைத்திருக்கிறாள், அதனால் அந்தச் சொல் அப்படித் தைத்துவிட்டது. அன்றையிலிருந்து ஒச்சாயியைத் தொடுவதில்லை. தான் மட்டும் தொடாமல் இருந்தால் தெரிந்துவிடும் என்று, அவள் லேட் பண்ணுகிறாள், யாரும் அவளுக்கு கோ கொடுக்காதீர்கள் என்று டீமுக்கே உத்தரவு போட்டிருக்கிறாள். அதுவரை ரெண்டு பேரும் ஒரே வாட்டர் பாட்டிலில் குடித்தவர்கள், அதுவும் எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

உன் அய்யாவிடம் சொன்னேன். அவர் எடுத்த எடுப்பில், பொட்டப் பிள்ளைக்கு ஓட்டமென்ன ஆட்டமென்ன, நிறுத்து என்றார். நிறுத்தினால் யாருக்கு நியாயம், ஒச்சாயிக்கா என்று கேட்டேன், துண்டை உதறிக்கொண்டு போய்விட்டார். நான் நேரே டிரில் டீச்சர் ரெங்கம்மாளைப் போய்ப் பார்த்தேன். அந்தம்மா கோபப்படவில்லை. நானும் கவனிச்சேன்மா, ஜெயிச்சுக்கிட்டே இருந்ததால ஏதோ கணக்குப் போட்டு ஆடுறாங்கன்னு விட்டுட்டேன், விட்டது தப்பு என்றார். முத்துத்தாயைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். எல்லோர் முன்னாலும் திட்டி அழவைக்கவில்லை. நீ எந்தப் பிள்ளைககிட்ட சொன்னியோ, அந்தப் பிள்ளைககிட்டயே நீ சொன்னது பொய்யின்னு நீயே சொல்லணும், அதுவரைக்கும் இந்த டீமுக்குக் கேப்டன் கிடையாது என்று சொல்லிவிட்டார். இவள் சொல்ல மாட்டேன் என்று இருந்துவிட்டாள். அதற்குள் ஒச்சாயி மைதானத்துக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். இந்த மாதம் மதுரையில் ஜில்லா மேட்ச், அதற்கு இவர்களுக்கு ஆள் குறைந்தது. ஒச்சாயி திரும்பி வருகிறவரை நீயும் மைதானத்துக்குப் போகாதே என்று நானும் சொல்லிவிட்டேன். என்னை நிறுத்திவிட்டாள் என்று உனக்கு எழுதினாளே, அது இதுதான்.

அப்புறம் ஒரு சாயங்காலம் அவளைக் கூட்டிக்கொண்டு ஒச்சாயி வீட்டுக்குப் போனேன். போகும்போதுதான் எனக்கே உறைத்தது, இத்தனை வருஷத்தில் நான் கீழத்தெருவுக்குள் போனதே இல்லை. நடவுக்கு ஆள் வேண்டுமென்றால் முனையில் வேப்பமரத்தடியில் நின்று சத்தம் கொடுப்போம், அவர்கள் வருவார்கள், அம்புட்டுத்தான். எந்த வீடு என்றுகூட எனக்குத் தெரியவில்லை, கேட்டுக் கேட்டுப் போக வேண்டியிருந்தது. சோணையம்மாள் பதறிப்போனாள். சின்னப் பிள்ளைக சமாச்சாரம் தாயி, இதுக்குப் போயி நீங்க வரலாமா, விட்டுத்தள்ளுங்க என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். அவள் பயம் எனக்குப் புரிந்தது, நாளைக்கு நம் வயலில் வேலைக்கு நிற்க வேண்டியவள் வேறு என்ன சொல்வாள். ஒச்சாயிதான் உள்ளேயிருந்து வெளியே வந்தாள். முத்துத்தாய் தரையைப் பார்த்தபடி, மன்னிச்சுக்க என்று முணுமுணுத்தாள், நான் கிள்ளினதால் சொன்னது. ஒச்சாயி என்னைப் பார்த்துத்தான் பேசினாள். மன்னிப்பெல்லாம் எனக்கு வேணாங்க, நான் ஓடுறதுக்கு வந்தவ, உக்காருறதுக்கு வந்தவ இல்ல, எனக்குக் கோ குடுக்கச் சொல்லுங்க, வாரேன் என்றாள். அழவில்லை, குரலும் உயரவில்லை. சோணையம்மாள் அவளை அதட்டினாள், நான் சோணையம்மாளைத் தடுத்தேன். பிள்ளை கேட்டதில் தப்பு எங்கே இருக்கிறது? இதைத்தான் நீ தலைகுனிய வைத்தாயா என்று கேட்கிறாய். அங்கே யாரும் யார் காலிலும் விழவில்லை அய்யா.

திரும்பி வரும்போது முத்துத்தாய் எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்துவிட்டாள். அன்றைக்கு ராத்திரிதான் உனக்குக் கடிதம் எழுதியிருக்கிறாள், ஆத்தா என்னைக் கேவலப்படுத்திவிட்டாள் என்று. எழுதட்டும், அண்ணனிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வாள். ஆனால் எனக்கு மனசு ஆறவில்லை. இவள் செய்தது தப்பு, அந்தத் தப்பைக் கையில் கொடுத்தனுப்பியது யார்? அந்த வார ஞாயிற்றுக்கிழமை இவளையும் கூட்டிக்கொண்டு உன் மாமன் வீட்டுக்குப் போனேன். உன் மாமன், என் கூடப்பிறந்த விருமாண்டி, கட்டிலில் உட்கார்ந்து ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தான். நான் சுற்றி வளைக்கவில்லை. மதினி, பந்தியில வச்சு என் பிள்ளையத் தலைக்கு ஊத்திட்டு வரச் சொன்னீகளாமே, எதுக்கு என்று கேட்டேன். உன் அத்தை முதலில் அப்படியா, எப்ப சொன்னேன் என்றாள். அப்புறம் சிரித்துக்கொண்டே, அட, அதுவா, கேலிக்குச் சொன்னேன் மதினி, முறைக்காரப் பிள்ளையைக் கேலி பேசக் கூடாதா என்றாள். நான் சொன்னேன், இனி அந்தக் கேலி வேண்டாம், என் பிள்ளை யாரைத் தொட்டு விளையாடினாலும் இந்த வீட்டில் அவளுக்கு இலை போட முடியுமென்றால் போடுங்கள், முடியாதென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று. உன் அத்தைக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று. அப்ப என் மகனுக்கு வேற இடம் பார்க்கச் சொல்றீகளா என்றாள். பாருங்க மதினி, நல்ல இடமாப் பாருங்க என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். உன் மாமன் ரேடியோவை விட்டுத் தலையைத் தூக்கவே இல்லை. என் அண்ணன் வீட்டோடு எனக்குச் சண்டை என்றதும் உன் அய்யாவுக்கு உள்ளுக்குள் ஒரே கொண்டாட்டம், அன்றைக்கு ராத்திரி கேட்டு வாங்கி இரண்டு கரண்டி சோறு கூடச் சாப்பிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை, கூடப்பிறந்தவன் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று.

வரும் வழியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது முத்துத்தாய் என் முந்தானையைப் பிடித்து இழுத்து, கேலிக்கா ஆத்தா சொன்னாங்க என்று கேட்டாள். ஆமாடி, கேலிக்குத்தான் என்றேன். அவங்க மறந்தே போயிட்டாங்கள்ல என்றாள். மறுநாள் காலையில் அவளே ஒச்சாயி வீட்டுக்குப் போய், சாயங்காலம் பிராக்டீஸுக்கு வா, நான் எல்லோரிடமும் சொல்லிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். என்னைக் கூப்பிடவில்லை, ஆனாலும் நான் போகாமல் இருப்பேனா, புல்லுக்கட்டை இறக்கி வைத்துவிட்டு வேலியோரம் நின்றேன். பிள்ளைகளெல்லாம் நிற்க இவள் நடுவில் நின்று, ஒச்சாயி லேட் பண்ணல, நான் பொய் சொன்னேன், தொடக் கூடாதுன்னு நினைச்சுத்தான் உங்களையும் அப்படிச் செய்யச் சொன்னேன் என்றாள். ஒன்றையும் விழுங்காமல் முழுசாகச் சொன்னாள். ஒச்சாயி ரிப்பனை வாயில் கடித்துக்கொண்டு ஜடையை இறுக்கிக்கொண்டிருந்தாள். சரி, ஆடலாமா என்றாள், அம்புட்டுத்தான்.

டீச்சர் ஒச்சாயியைத் துரத்தவிட்டார், உன் தங்கச்சி வரிசையில் குந்தினாள். ஒச்சாயி முதல் தடவை இவள் முதுகைத் தாண்டிப் போனாள். அடுத்த தடவையும் தாண்டிப் போனாள். நல்லா வேணும்டி உனக்கு, குந்தியிரு என்று ஒரு மனசு சொல்கிறது, ஒரு தட்டுத் தட்டிவிடு தாயி என்று இன்னொரு மனசு கெஞ்சுகிறது. இவளும் தலையைத் திருப்பாமல் கல்லு மாதிரி குந்தியிருக்கிறாள். அப்புறம் வந்தாள் பாரு ஒச்சாயி, முதுகில் பளீரென்று ஒரு அடி, கோ என்று கத்தினது ரோட்டில் போன பஸ் கண்டக்டருக்கே கேட்டிருக்கும். இவள் துள்ளி எழுந்தாள், கால் மரத்துப்போயிருந்ததால் ரெண்டு எட்டு வைத்து அப்படியே குப்புற விழுந்தாள். எல்லோரும் சிரித்துவிட்டார்கள், ஒச்சாயியும் சிரித்தாள், இவளும் மண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். கொஞ்ச நேரம் கழித்து இவள் ஒச்சாயிக்குக் கோ கொடுக்க வேண்டி வந்தது. ஏதோ சுடுகிற பாத்திரத்தைத் தொடுகிற மாதிரி விரல் நுனியால் தொட்டாள், ஒச்சாயி எழவே இல்லை. திரும்பிப் பார்த்து, தொட்டா உறைக்கணும்டி, திருப்பிக் குடு என்றாள். இவள் கையை ஓங்கித் தட்டினாள். அந்தப் பிள்ளை எழுந்து ஓடின வேகத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வேலியோரம் தூசி என்று சொல்லிக்கொண்டேன்.

இதனால் எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று நினைக்காதே. ஒச்சாயி விளையாடுகிறாள், முடிந்ததும் தனியாகத்தான் வீட்டுக்குப் போகிறாள், வாட்டர் பாட்டிலும் வேறாகத்தான் கொண்டுவருகிறாள். முத்துத்தாய் வருத்தப்படுகிறாள், நான் சமாதானம் சொல்லவில்லை. அவளுக்கு எப்போது மனசு வருகிறதோ அப்போது வரட்டும், வராவிட்டாலும் அது அவள் இஷ்டம். டீச்சர் இன்னும் கேப்டன் யாரென்று சொல்லவில்லை, ஒச்சாயியாக இருந்தாலும் இருக்கும் என்று பிள்ளைகள் பேசிக்கொள்கிறார்களாம். உன் அத்தை வீட்டிலிருந்து இதுவரை ஆள் வரவில்லை.

இனி உன் விஷயம். நீ கோபத்தில் எழுதிவிட்டாய், தங்கச்சி மேல் இருக்கிற பாசம் எனக்குத் தெரியாதா. ஆனாலும் கேட்கிறேன், கால் பிசகி நீ கிடந்தபோது வீரணன் முதுகில் ஏறினாயே, அது எந்தத் தெரு முதுகு என்று கேட்டுவிட்டா ஏறினாய்? அவன்தான் கேட்டானா? அவன் உன்னைத் தூக்கிப்போனதாக நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாமி விளக்கு முன்னால் அவனுக்காகக் கும்பிட்டேன், அவன் அப்பன் ஆத்தா பேர்கூடத் தெரியாமல். உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை அய்யா, உன் ஆத்தா வேறு யாரிடம் கேட்பாள்.

வேளைக்குச் சாப்பிடு, பனியில் தலையில் துணி கட்டிக்கொள், காலுக்கு எண்ணெய் போட்டு நீவிவிட்டுக்கொள். உனக்கு ஒரு குறையும் வராமல் உன் ஆயுசு கெட்டியாக இருக்க வேண்டுமென்று அய்யாவும் நானும் தினமும் கும்பிட்டுக்கொள்கிறோம். ஜில்லா மேட்ச் இந்த மாதக் கடைசியில், முத்துத்தாய்க்கு உன் கையால் ஒரு கடிதம் எழுதிப் போடு, அண்ணன் கடிதம் வரவில்லையே என்று தினமும் தபால்காரரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். போன கடிதத்தை நான் அடுப்பில் போட்டுவிட்டேன். புதுக் கடிதத்தை அவள் மைதானத்துக்குக் கொண்டுபோய் வட்டத்தில் உட்கார்ந்து சத்தமாக வாசிப்பாள், வட்டத்தில் ஒச்சாயியும் இருப்பாள். வாசிக்கும்போது ஒரு வரியைக்கூட அவள் தாண்டிப் போக வேண்டியிருக்காத மாதிரி எழுது அய்யா.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் ஆத்தா
கா. அழகம்மாள்